முரசு சுகமானால்தான் பல் நிலைக்கும்



சென்ற மாதம் இரத்தச்சோகை பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்குள் ஒன்று வேறு விடயம் பற்றியது. கொப்பித் தாளில் இரண்டு பக்கம். எழுதியவரின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

“அக்கா, எனக்கு 46 வயது. 2009இல் மாத்தளனில் நிற்கும்போது ஷெல் துண்டு பட்டு மேல் வரிசையில் முன் பல் மூன்று போய்விட்டன. அவரையும் அந்த நாட்களில்தான் இழந்தேன். வருகிற ஆவணியில் மகளுக்குக் கலியாணம். பிரான்சில் இருக்கும் தம்பி, ‘காசு நான் அனுப்புறன். கழற்றிப் பூட்டுற பல் வேண்டாம், எலும்பிலை பூட்டுற பல்லாய்ப் போடு’ என்கிறான். பல் வைத்தியரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, ‘முரசு சரியில்லை. முதலில் அதைச் சுகப்படுத்துவோம். மூன்று மாதம் கழித்துத்தான் மற்றதைப் பற்றிப் பேசலாம்’ என்று அனுப்பிவிட்டார். பல் வைப்பதற்கும் முரசுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா இழுத்தடிக்கிறாரா? கலியாண வீட்டில் எங்களைப் போன்றவர்களை முன்னுக்கு விடுவதே குறைவு. அதிலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டுமா?”

இந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். ஏனென்றால் அந்த வாயைப் பொத்தும் பழக்கம் எனக்கும் இருந்தது. இந்தப் பக்கத்தில் பிரஷரைப் பற்றியும் சலரோகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். என் சொந்த வாயைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை. இந்த மாதம் எழுதுகிறேன். நான் பட்டதை இந்தச் சகோதரி படவேண்டாம் என்பதற்காக.

எனக்கு நடந்தது

2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் பங்கருக்கு மேல் போட்டிருந்த பனங்குற்றி ஒன்று சரிந்து என் முகத்தில் விழுந்தது. மேல் முன் பற்கள் இரண்டும் போயின. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த நேரம். பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது ஒரு சின்னப் பிள்ளை என்னைப் பார்த்து, “ஆச்சி” என்று கூப்பிட்டது. எனக்கு அப்போது 38 வயது. அன்றிலிருந்து கதைக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஊருக்குத் திரும்பியபின் கழற்றிப் பூட்டும் பல் ஒன்று கட்டினேன். ஆறு வருடத்துக்கு மேல் அதோடுதான் இருந்தேன். 2017இல் சுவிஸில் இருக்கும் அண்ணா காசு அனுப்பினார். கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் இரண்டு இம்பிளான்ற் வைத்தார்கள். தாடை எலும்பில் சின்னத் திருகாணி ஒன்றை இறக்கி, எலும்பு பிடிக்கும்வரை சில மாதம் விட்டு, அதன்மேல் பல்லைப் பூட்டும் முறை இது. 2018 தொடக்கத்தில் பல் பூட்டி முடிந்தது. கண்ணாடியில் பார்த்து அழுதேன்.

வைத்தியர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்கம் சொன்னார். பக்கத்தில் நின்ற பிள்ளை அதைத் தமிழில் ஒரே வசனமாக்கினார்: “ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்டட்டாம்.” மீதி ஒன்பது நிமிடத்தில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வெட்கம். இது உலோகப் பல், புழு விழாது, பழுதாகாது, இனிப் பயமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பல் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த இடத்தில் பிரஷை அழுத்திப் பிடிக்கவும் மாட்டேன். மேலாலே ஒரு தடவு தடவிவிட்டு விடுவேன்.

இரண்டு தரம் போய்க் காட்டினேன். பஸ் காசு, ஒரு நாள் வேலை, தங்க இடம். பிறகு விட்டுவிட்டேன். 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகு போக நினைக்கவே இல்லை.

அந்த வருடக் கடைசியில் பல் துலக்கும்போது இரத்தம் வரத் தொடங்கியது. முரசு சிவந்து மினுங்கியது. ஆனால் நோகவில்லை. நோகாதபடியால் நானும் போகவில்லை. 2021 நடுப்பகுதியில் வாயில் ஒரு கெட்ட ருசி. விரலால் அமத்தினால் முரசுக்குள்ளிருந்து சீழ் வந்தது. ஒருநாள் பாண் கடிக்கும்போது ஒரு பல் அசைந்தது.

அரசாங்க வைத்தியசாலையில் இருந்த பல் வைத்தியர் ஓர் இளம் பிள்ளை. எக்ஸ்றே எடுத்துக் காட்டினார். ஒரு திருகாணியைச் சுற்றி எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. மற்றதில் கொஞ்சம் கரைந்திருந்தது. “அம்மா, ஒண்டைக் காப்பாற்றலாம். மற்றதைக் கழற்றத்தான் வேணும்” என்றார். என் அண்ணா இரவு வேலை செய்து அனுப்பிய காசு. ஓராண்டுக்கு முன்னர், இரத்தம் வந்த அன்றே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னபோது என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

முரசு செய்யும் வேலை என்ன?

அன்று அவர் எனக்கு விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இம்பிளான்ற் என்பது ரைற்றேனியம் என்ற உலோகத்தால் ஆனது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த பேர்-இங்வார் பிறேனமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயல்களின் எலும்பு ஆறும் விதத்தை ஆராய்ந்தார். எலும்புக்குள் வைத்த ரைற்றேனியக் கருவியைத் திருப்பிக் கழற்றப் பார்த்தபோது கழற்ற முடியவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்த முறையில் பல் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, 40 வருடத்துக்கு மேல், அவை அவருக்குப் பயன்பட்டன. ஆகவே இது நல்ல முறைதான். சரியாகப் பராமரித்தால் நீண்டகாலம் நிற்கும்.

ஆனால் எலும்பு ஒட்டுகிறது போல முரசு ஒட்டுவதில்லை. இங்கேதான் பிரச்சினை இருக்கிறது.

எங்கள் வேலியை நினைத்துப் பாருங்கள். பூவரசங் கதியாலை நட்டால் அது வேர்விடும். மண்ணை நாலாபக்கமும் பிடித்துக்கொள்ளும். சீமெந்துத் தூண் நட்டால் அடியில் கொங்கிறீற் இறுகிப் பிடிக்கும். ஆனால் மேல் மண் தூணைச் சுற்றிச் சும்மா அணைந்துகொண்டு இருக்குமே தவிர, அதைப் பிடித்துக்கொள்ளாது. மண்ணை இறுக்கி வைக்காவிட்டால் மாரி மழைக்குத் தண்ணீர் தூணோரமாக உள்ளே இறங்கிவிடும்.

சொந்தப் பல் கதியால் மாதிரி. முரசிலிருந்து போகும் நார்கள் பல்லின் வேருக்குள்ளேயே பதிந்திருக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவிலும் மெல்லிய நார்ப்படை ஒன்று உண்டு. அதற்குள்ளால் இரத்தம் ஓடும். அந்த இரத்தமும் முரசைப் போஷிக்கும்.

இம்பிளான்ற் சீமெந்துத் தூண் மாதிரி. முரசின் நார்கள் அதற்குள் பதிவதில்லை. சட்டைக் கழுத்துப்பட்டி போலச் சுற்றிவர நிற்கும். நடுவில் நார்ப்படை இல்லாததால் இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே வாயிலுள்ள கிருமிகள் எலும்புக்குப் போகாமல் தடுக்கும் ஒரே கதவு, அந்தக் கழுத்துப்பட்டி போன்ற முரசுதான். அது சுகமாக, இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே எலும்புக்கு ஆபத்தில்லை. அது வீங்கித் தளர்ந்தால் கதவு திறந்தமாதிரி.

இரத்தம் வந்தால் காத்திருக்கக் கூடாது

இம்பிளான்றைச் சுற்றி வரும் வருத்தத்துக்கு இரண்டு கட்டம் உண்டு.

முதல் கட்டத்தில் முரசில் மட்டும் அழற்சி. சிவக்கும், வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். எலும்பு கரைந்திருக்காது. அழுக்குப் படையை நன்றாக அகற்றினால் இது பெரும்பாலும் முழுதாகத் திரும்பச் சுகமாகும்.

இரண்டாம் கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கிவிடும். சீழ் வரலாம், பல் நீண்டதுபோலத் தெரியலாம். சொந்தப் பல்லில் வருவதைவிட இம்பிளான்றில் இது விரைவாகப் பரவக் கூடியது. சிகிச்சை இருக்கிறது, ஆனால் கடினம். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. பல் அசையும் நிலை என்றால் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும்.

இந்த இரண்டு கட்டத்திலும் நோ இல்லாமலே போகலாம். எங்களில் பலர் பெரிய காயங்களோடு நடந்தவர்கள். “நோகேல்லை, பிறகு பாப்பம்” என்பது எங்கள் வாயில் வரும் முதல் வார்த்தை. வாய் வருத்தத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. இரத்தம்தான் அறிகுறி. ஒரு கிழமை தொடர்ந்து இரத்தம் வந்தால் போய்க் காட்டுங்கள்.

வைத்தியர் ஏன் மூன்று மாதம் கேட்டார்?

கடிதம் எழுதிய சகோதரியே, உங்கள் வைத்தியர் இழுத்தடிக்கவில்லை. அவர் உங்கள் தம்பியின் காசைக் காப்பாற்றுகிறார்.

2017இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த முரசு வைத்திய சங்கங்கள் சிகாகோவில் கூடி இந்த விடயத்தை ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டன. இம்பிளான்றைச் சுற்றி எலும்பு கரைவதற்கு வழிவிடும் காரணங்களில் முக்கியமானவையாக அவர்கள் சொன்னவை மூன்று. ஏற்கெனவே கடுமையான முரசு நோய் இருந்தமை, வாய்ச் சுத்தம் போதாமை, ஒழுங்காகச் சோதனைக்குப் போகாமை. எனக்குப் பின்னைய இரண்டும் இருந்தன. உங்களுக்கு முதலாவது இருக்கிறது. மற்றப் பற்களைச் சுற்றி இருக்கும் கிருமிகள் புதுப் பல்லுக்கும் போகும். அதனால்தான் முதலில் முரசு.

இந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டிய சில விடயங்கள் உண்டு.

சலரோகம்: சீனி கூடினால் முரசு நோய் கூடும். முரசு நோய் கூடினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம். காயமும் சுணங்கித்தான் ஆறும். மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

வெற்றிலை, சுருட்டு: இழவு வீட்டில், வயல் வேலையில், தனிமையில் பழகியது என்று எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. ஆனால் புகையிலையும் பாக்கும் முரசுக்கு எதிரி. புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்திருக்கிறது. வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் வருத்தமும் பாக்கால் வருவதுதான். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தால் பல்லை விடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள்.

மருந்துக் குளிசைகள்: தலையில் காயப்பட்டு வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கும் பினிற்றோயின் என்ற மருந்து சிலருக்கு முரசைத் தடிக்க வைத்துப் பல்லை மூடச் செய்யும். பிரஷருக்குக் குடிக்கும் அம்லோடிபின், நிபெடிபின் போன்றவையும் சிலருக்கு அப்படிச் செய்யும். நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மருந்துகள் வாயை உலரவைக்கும். உமிழ்நீர் குறைந்தால் பல்லும் முரசும் பழுதாகும். எலும்புத் தேய்வுக்குக் குடிக்கும் சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிசைப் பையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அது போதும்.

உடம்பில் ஷெல் துண்டு: முகத்திலோ கழுத்திலோ துண்டு இருக்கிறது என்று தெரிந்தால் படம் எடுக்கமுன் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கட்டாயம் சொல்லவேண்டும்.

இன்னொன்று. இம்பிளான்ற் வைத்தால் அதன் கம்பனிப் பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பல் பூட்டிய அன்று எடுத்த எக்ஸ்றேயின் பிரதியும் வேண்டும். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் திருகாணிக்கு எந்தச் சாவி பொருந்தும் என்று தெரியாமல் வைத்தியர் மிகவும் கஷ்டப்பட்டார். எலும்பு முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கவில்லை. விளங்காத மொழியில் சொன்னால், “தமிழில் எழுதித் தாருங்கோ” என்று கேளுங்கள். அது எங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

துலக்கும் முறை

இது சொந்தப் பல்லுக்கும் பொருந்தும், இம்பிளான்றுக்கும் பொருந்தும்.

மெதுவான பிரஷ் எடுங்கள். புளோரைட் உள்ள பற்பசை பயற்றளவு போதும். பிரஷின் நாரைப் பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். காலையிலும் படுக்கமுன்னும் இரண்டு நிமிடம். இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. அந்த இடத்தைத்தான் கவனமாகத் துலக்கவேண்டும். அழுக்குப் போனால் சில நாட்களில் இரத்தம் குறையும்.

பல்லிடுக்குக்குப் பொட்டுப்போலச் சின்னப் பிரஷ் வருகிறது. பார்மசியில் கேட்கலாம். எந்த அளவு பொருந்தும் என்று வைத்தியர் சொல்லுவார். ஊசி, ஈர்க்கு, நெருப்புக்குச்சியால் குத்தாதீர்கள். உமிக்கரி, செங்கல் தூள், உப்புக்கல்லால் தேய்த்தால் முரசு கீழிறங்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கிளாசில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொப்பளிப்பது நல்லது. ஆனால் அது துலக்குவதற்குப் பதிலாகாது.

இம்பிளான்றைச் சுற்றித் தடித்த, அசையாத முரசு போதியளவு இருந்தால் துலக்கும்போது நோகாது, சுத்தமும் இலகு. என் மற்றப் பல்லைச் சுற்றி முரசு மிக மெல்லியதாக இருந்தது. வைத்தியர் நன்றாகச் சுத்தம் செய்து, சில மாதம் பார்த்து, பிறகு மேலண்ணத்திலிருந்து மெல்லிய துண்டொன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார். அண்ணம் ஒரு கிழமை எரிந்தது. கஞ்சியோடு சமாளித்தேன். அந்தப் பல் இன்றுவரை நிற்கிறது. போன பல்லின் இடத்தில் கழற்றிப் பூட்டும் பல் ஒன்று போட்டிருக்கிறேன். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன்.

ஆவணிக் கலியாணத்துக்கு

சகோதரியே, இப்போது உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். முரசு சுகமாக இருந்தாலும் இம்பிளான்ற் ஆவணிக்குள் முடியாது. எலும்பு பிடிக்கவே பொதுவாக மூன்று தொடக்கம் ஆறு மாதம் வேண்டும். ஆகவே அவசரப்பட்டு, “உடனே வைத்துத் தருகிறோம்” என்று சொல்லும் இடத்துக்கு ஓடவேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். வைத்தியர் சொன்னபடி முரசைச் சுத்தம் செய்வியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. அதோடு, “கலியாணத்துக்குப் போடக் கழற்றிப் பூட்டும் பல் ஒன்று வேண்டும்” என்று இப்போதே கேளுங்கள். அச்செடுத்துச் செய்யச் சில கிழமைகள்தான். தம்பிக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இரவில் அந்தப் பல்லைக் கழற்றித் துலக்கித் தண்ணீரில் போட்டு வையுங்கள், முரசுக்கும் ஓய்வு வேண்டும். கலியாணம் முடிந்தபின், முரசில் இரத்தம் நின்றபின், சீனி கட்டுப்பட்டபின் இம்பிளான்ற் பற்றி ஆறுதலாக முடிவெடுக்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் லட்சத்தைத் தாண்டும் செலவு. சோதனைக்குப் போய்வரும் பஸ் காசையும் அந்தக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். அது கட்டாது என்றால் கழற்றிப் பூட்டும் பல்லோடு இருப்பதில் ஒரு குறைவும் இல்லை. அண்ணாவின் காசில் வைத்த ஒன்றும், வைத்தியசாலையில் கட்டிய ஒன்றுமாக நான் இரண்டோடும் தான் சிரிக்கிறேன்.

மகளை மணவறைக்குக் கூட்டிப்போகிற நேரம் யாராவது உங்களைப் பின்னுக்கு நிற்கச் சொன்னால், அதைப் பற்றி நாங்கள் வேறொரு மாதம் இந்தப் பக்கத்தில் கதைப்போம். கதைக்க நிறைய இருக்கிறது. இப்போதைக்கு முன்னுக்கு நில்லுங்கள். அந்தப் பிள்ளையைத் தனிய வளர்த்தெடுத்தது நீங்கள்தான். படம் எடுக்கும்போது கையைக் கீழே விடுங்கள்.

கலியாணப் படம் ஒன்று அனுப்பிவையுங்கள். பத்திரிகையில் போடமாட்டேன். நான் பார்க்க மட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

உங்கள் அக்கா